முன்சீட்டு யாருக்கு?

தோட்டத்து லோரியில் டிரைவருக்குப் பக்கத்து இடத்துக்குத் தனி மரியாதை உண்டு என்பதை நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்தட்டில் நாற்பது பேர் வெயிலிலும் மழையிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முன்னால் இருப்பதோ ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. அதில் யார் உட்காருவது? கிராணி வந்தால் கிராணிக்கு. கிராணி வராத நாளில் பிள்ளைத்தாய்ச்சிக்கு, அல்லது காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் தாய்க்கு. அப்படி யாரும் இல்லாத நாளில்தான் சண்டையே வரும். "நான் முந்தி வந்தேன்" என்பார் ஒருவர். "நான் முப்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன்" என்பார் மற்றவர். கடைசியில் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யார் ஏறணும்னு நான் சொல்றேன்" என்றால்தான் சத்தம் அடங்கும்.

ஆகாயத்தில் பறக்கும் பெரிய விமானத்திலும் இப்படி ஒரு முன்சீட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இருக்கிறது. அதற்கும் போட்டி உண்டு, வரிசை உண்டு, மரியாதை முறை உண்டு, சங்கத் தகராறும் உண்டு. ஒருமுறை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் விமானம் தப்பிக்கத் துணை செய்திருக்கிறார். இன்னொரு முறை அங்கே உட்கார்ந்திருந்தவரே விமானத்தை வீழ்த்தப் பார்த்திருக்கிறார். தண்ணீர்மலை அடிவாரத்தில் உட்கார்ந்து ஆகாயத்துக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் அந்தக் கதை நம் பிள்ளைகள் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் வந்துதான் நிற்கும்.

மடக்கு நாற்காலி

விமானத்தின் மூக்குப் பகுதியில் விமானி அறை இருக்கிறது. இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி. இவர்கள் இருவருக்கும் பின்னால் ஒன்றோ இரண்டோ சிறு நாற்காலிகள் உண்டு. சில விமானங்களில் அதைச் சுவரோடு மடித்து வைத்திருப்பார்கள். வேண்டும்போது இழுத்து விரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஜம்ப் சீட் என்று பெயர். நாம் மடக்கு நாற்காலி என்று சொல்லலாம். முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டியதுதான். காலை நீட்ட இடமிராது.

அது முதலில் யாருக்காக வைக்கப்பட்டது? விமானிகள் ஒழுங்காக ஓட்டுகிறார்களா என்று பார்க்க வரும் அரசாங்க இன்ஸ்பெக்டருக்காகவும், புது விமானிகளைச் சோதிக்கும் மூத்த விமானிக்காகவும். இன்ஸ்பெக்டர் தினமும் வருவதில்லை. மற்ற நாளில் அது காலியாகத்தான் போகும். காலியாகப் போகும் இடத்தில் வேலைக்குப் போகும் ஒரு விமானி உட்கார்ந்து போனால் யாருக்கு என்ன நட்டம்? இப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. அமெரிக்காவில்தான் அது ஆழமாக வேரூன்றியது. ஒரு கம்பெனியின் விமானி இன்னொரு கம்பெனியின் விமானத்தில் கட்டணமில்லாமல் ஏறிப் போகலாம் என்று கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டிருக்கின்றன.

வேலைக்குப் போக விமானமா?

விமானிக்குப் பணித்தளம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்துதான் அவருடைய வேலை தொடங்கும். ஆனால் வீடு அந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அந்த ஊரில் வீட்டு வாடகை எட்டாத உயரத்தில் இருக்கலாம். வயதான பெற்றோர் சொந்த ஊரில் இருக்கலாம். மனைவிக்கு வேலையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கே இருக்கலாம். கம்பெனி திடீரென்று ஒரு பணித்தளத்தை மூடிவிட்டு, "நாளையிலிருந்து நீ ஆயிரம் மைல் தள்ளி வந்து வேலையைத் தொடங்கு" என்று சொல்வதும் உண்டு. வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றால், அங்கே சீனியாரிட்டி மறுபடியும் அடியிலிருந்து தொடங்கும். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் நேற்றுச் சேர்ந்தவனுக்குப் பின்னால்தான் பெயர். அதனால் வீட்டை ஓர் ஊரில் வைத்துக்கொண்டு, வேலைக்கு வேறோர் ஊருக்கு விமானத்தில் போய்வருகிறார்கள்.

அந்தப் பயணத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை. போகும் நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் வேலை தொடங்கும் நேரத்துக்கு ஆள் அங்கே நின்றாக வேண்டும். பணித்தளத்தின் பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறார்கள். நம் ஊரில் கொங்சி வீடு என்போமே, அதேதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரவில்லையா? பினாங்கில் பயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்திலேயே 1972ஆம் ஆண்டில் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. மின்னியல் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ரப்பர் மரத்தை வெட்டித் தோட்டத்தைத் துண்டு போட்ட காலத்தில், செபராங் பிறையிலும் கெடாவிலும் இருந்த தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இருட்டோடு எழுந்து தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறந்த பிறகு பஸ்கள் கடலைத் தாண்டி நேரே வந்தன. வீடு ஓரிடம், வேலை ஓரிடம், நடுவே உள்ள தூரம் தொழிலாளியின் தலையில். தொப்பியும் தோள்பட்டையில் பொன்கோடும் அணிந்த விமானிக்கும், நீலச் சட்டை போட்ட நம் தங்கச்சிக்கும் கதை ஒன்றுதான்.

வரிசை எப்படி?

ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் வந்து நின்றால் யாருக்கு முதலிடம்? அமெரிக்க வழக்கத்தைச் சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி சில்லறை வித்தியாசம் உண்டு. ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

முதலிடம் அரசாங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டருக்கு. அவர் வேலையாக வருகிறார். அவருக்குச் சட்டமே வழி விடச் சொல்கிறது. அடுத்தது, விமானிகளைச் சோதிக்கக் கம்பெனி அனுப்பும் மூத்த விமானி. அதற்கடுத்துச் சொந்தக் கம்பெனியின் விமானி. அவருக்குப் பின் உறவுக் கம்பெனியின் விமானி. கடைசியில்தான் அயல் கம்பெனி விமானி.

சொந்தக் கம்பெனி விமானிகளே இருவர் வந்தால்? சில கம்பெனிகளில் சீனியாரிட்டிப்படி. சில கம்பெனிகளில் முதலில் வந்து பெயர் கொடுத்தவருக்கு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. சீனியாரிட்டி என்றால் உழைத்த வருஷத்துக்கு மதிப்பு. முந்தி வந்தவருக்கு என்றால், அதிகாலையில் எழுந்து வந்த சிறியவனின் உழைப்புக்கு மதிப்பு. எந்த முறை நல்லது என்று இன்றுவரை அவர்களும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எந்த முறையானாலும் அது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வாசலில் வந்து நின்ற பிறகு முறையைக் கண்டுபிடிக்கக் கூடாது.

அயல் கம்பெனி விமானி இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து பெயர் கொடுத்துக் காத்திருப்பார். கதவு மூடும் நேரத்தில் சொந்தக் கம்பெனி விமானி ஓடி வருவார். அயலார் எழுந்து இடம் விட வேண்டியதுதான். முகம் சுளிக்கக் கூடாது. 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்' என்று யாரும் சொல்லும்படி நடந்துகொள்ளக் கூடாது. அடுத்த விமானத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். அதனால்தான் புத்தியுள்ள விமானி கடைசி விமானத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில், முன்கூட்டியே இரண்டு விமானங்களுக்கு முயன்றும் இடம் கிடைக்காமல் தாமதமானால் தண்டனை இல்லை என்று சங்கங்கள் வாதாடி எழுதி வாங்கியிருக்கின்றன.

கேட்டு ஏறுவதே முறை

இத்தனை வரிசையும் சரியாக இருந்து, உங்கள் முறையே வந்துவிட்டாலும் நேரே போய் உட்கார முடியாது. கேப்டனிடம் கேட்க வேண்டும். இதுதான் இந்த வழக்கத்தின் உயிர்.

வாசலில் இருக்கும் அலுவலரிடம் முதலில் பெயர் கொடுக்க வேண்டும். உள்ளே போனதும் விமானப் பணிப்பெண்ணிடம் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு விமானி அறை வாசலில் நின்று, தன் பெயர், கம்பெனி எல்லாம் சொல்லி, "உங்களோடு வர அனுமதி தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் முப்பது வருஷம் கேப்டனாக இருந்தவராகவும், அனுமதி தருபவர் அவருடைய மகன் வயதினராகவும் இருக்கலாம். ஆனாலும் கேட்க வேண்டும். விமானி உரிமம், மருத்துவச் சான்றிதழ், கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பின்னால் பயணிகள் பகுதியில் காலி இடம் இருந்து அங்கே உட்காரப் போனாலும், முதலில் கேப்டனைக் கண்டு கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

உட்கார்ந்த பிறகும் முறை உண்டு. குடித்துவிட்டு வரக் கூடாது. கசங்கிய உடையில் வரக் கூடாது. பயணிகளுக்கு முன்னால் பையை வைத்து இடத்தை அடைக்கக் கூடாது. "நான் என்றால் இப்படி இறக்கியிருக்க மாட்டேன்" என்று பக்கத்திலிருந்து பாடம் நடத்தக் கூடாது. இறங்கும்போது நன்றி சொல்லாமல் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் வேலைக்குத் தேவையில்லாத ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது. அமெரிக்காவில் இது 1981ஆம் ஆண்டிலிருந்து சட்டம். அதற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1974ஆம் ஆண்டு செப்டம்பரில், சார்லட் என்ற ஊரில் ஒரு விமானம் ஓடுபாதைக்கு முன்னதாகவே தரையில் மோதி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார் விலையும் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் தெரியவந்தது. பேச்சு இனிமையானதுதான், அதற்கு வேளை வேண்டும்.

மரியாதை ஒரு பக்கத்துச் சரக்கு அல்ல. நல்ல கேப்டன் கதவை மூடும் முன் வாசல் அலுவலரிடம், "வெளியே இன்னும் யாராவது விமானி நிற்கிறாரா?" என்று கேட்பார். இடம் இருக்கும்போது ஒருவரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம். இன்று நான் உன்னை ஏற்றிப்போனால் நாளை உன் ஆள் என் ஆளை ஏற்றிப்போவான். தோட்டத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் இரவல் கொடுப்பது போலத்தான் இதுவும். எழுதி வைக்காத கணக்கு. ஆனால் யாரும் மறப்பதில்லை.

கருங்காலிக்கு இடமில்லை

இனி, சங்கத்தில் இருந்து பழகிய பெரியவர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு பகுதி.

நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டில் அமைந்தது. அமெரிக்க விமானிகள் சங்கம் 1931ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. 1983ஆம் ஆண்டில் கான்டினென்டல் என்ற விமானக் கம்பெனி, கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்துவிட்டு, விமானிகளின் சம்பளத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக வெட்டியது. அக்டோபர் முதல் தேதி விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 1985ஆம் ஆண்டு வரை நீண்டது. பலர் வெளியே நின்று கடனாளியானார்கள். வீட்டை இழந்தவர்களும் உண்டு. சிலர் சங்கக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் விமானத்தை ஓட்டினார்கள்.

அப்படிப் போனவர்களுக்கு மற்றக் கம்பெனி விமானிகள் என்ன தண்டனை கொடுத்தார்கள் தெரியுமா? மடக்கு நாற்காலியை மறுத்தார்கள். பெயர்ப் பட்டியல் கையில் வைத்திருந்தார்கள். கருங்காலி வந்து வாசலில் நின்று, "உங்களோடு வரலாமா?" என்று கேட்டால், கேப்டன் நிமிர்ந்து பார்த்து, "முடியாது" என்றார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. விமானம் காலி நாற்காலியோடு போகும்; கேட்டவர் வாசலில் நிற்பார். இது ஒரு நாள் இரு நாள் அல்ல, வேலைநிறுத்தம் முடிந்து பல வருஷங்களுக்கு நடந்தது.

இது சரியா? இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. "என் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது என் இடத்தைப் பிடித்தவனுக்கு நான் ஏன் என் பக்கத்தில் இடம் தர வேண்டும்?" என்பது ஒரு பக்கம். "சங்கச் சண்டையை விமானி அறைக்குள் கொண்டுவராதே, வெறுப்போடு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால் கவனம் சிதறும், அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்பது மறுபக்கம். என்னைக் கேட்டால், சலுகை என்பது சலுகைதான். அதைக் கொடுக்கவும் மறுக்கவும் கொடுப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் தகப்பன் செய்த குற்றத்துக்கு மகனையும், ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய கம்பெனி முழுவதையும் வாசலில் நிறுத்துவது நியாயமாகாது. தோட்டங்களில் ஒரு வேலைநிறுத்தத்தில் பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்கள், பேரப்பிள்ளைகள் காலம் வரை ஒரே லயத்தில் முகம் பார்க்காமல் வாழ்ந்ததும் உண்டு. முதலில் எதற்காகச் சண்டை என்பது பேரனுக்குத் தெரியாது. கோபத்துக்கும் ஒரு கடைசித் தேதி வேண்டும்.

இடம் கொடுத்தால்

'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆகாயத்திலும் நடந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து கிளம்பிய ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், அதே கம்பெனி ஊழியர் ஒருவர் ஓசியில் ஏறினார். அவர் மேல் கம்பெனியின் ஒழுங்கு விசாரணை நடக்கவிருந்தது. நடுவானில் சுத்தியலை எடுத்து மூன்று விமானிகளின் மண்டையில் அடித்தார். ரத்தம் வழிய வழிய அவர்கள் அவரோடு போராடி, விமானத்தைத் திருப்பி மெம்பிஸிலேயே இறக்கிவிட்டார்கள். உயிர் தப்பினார்கள், ஆனால் பலத்த காயங்களோடு.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதிக்குப் பிறகு எல்லாம் மாறியது. விமானி அறைக் கதவு குண்டு துளைக்காத கதவாயிற்று. 2003ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து பெரிய பயணிகள் விமானங்களுக்கு அது உலகம் முழுவதும் விதி. அமெரிக்காவில் அயல் கம்பெனி விமானிகள் உள்ளே உட்காருவது நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பிறகு, வந்தவர் உண்மையிலேயே இன்னும் அந்தக் கம்பெனியின் விமானிதானா என்று கணினியில் உடனே சரிபார்க்கும் ஏற்பாடு வந்த பின்பே வழக்கம் திரும்பியது.

ஆளைச் சரிபார்க்கலாம், மனதை எப்படிச் சரிபார்ப்பது? 2023ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன விமானத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு விமானி திடீரென்று எழுந்து, இரண்டு என்ஜின்களையும் அணைக்கக்கூடிய கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். மற்ற இருவரும் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, வெளியே அனுப்பி, விமானத்தைப் போர்ட்லாண்டில் இறக்கினார்கள். தாம் நீண்ட நேரம் உறங்கவில்லை என்றும், மனம் உடைந்திருந்தது என்றும் அவர் போலீசாரிடம் சொன்னார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மனநோயை மறைக்கும் வழக்கம் விமானிகளிடையே இருக்கிறது என்ற பேச்சு அதன் பிறகு பலமாக எழுந்தது. கை உடைந்தால் காட்டுகிறோம். மனம் உடைந்தால் மறைக்கிறோம். தோட்டத்திலும் அப்படித்தான்.

மூன்றாவது ஜோடிக் கண்

இதற்கு நேர்மாறான கதை நமக்கு அண்டை நாட்டிலேயே நடந்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி இரவு, பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜாகர்த்தாவுக்கு லயன் ஏர் விமானம் ஒன்று கிளம்பியது. புதுரக போயிங் 737 மேக்ஸ். கிளம்பியது முதல் தொல்லை. பழுதான ஒரு கருவி தவறான அளவைச் சொல்ல, விமானத்தின் தானியங்கி ஏற்பாடு மூக்கை மறுபடி மறுபடி கீழே தள்ளியது. இரு விமானிகளும் அதை மேலே இழுத்துக்கொண்டே போராடினார்கள். அன்று மடக்கு நாற்காலியில் மூன்றாவது விமானி ஒருவர் இருந்தார். கைகள் சும்மா இருந்ததால் அவருடைய கண்கள் எல்லாவற்றையும் பார்த்தன. கோளாறு இன்னதென்று கண்டு வழி சொல்ல அவர் உதவினார் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. குறிப்பிட்ட இரண்டு விசைகளை அணைத்ததும் தானியங்கித் தள்ளல் நின்றது. விமானம் ஜாகர்த்தா போய்ப் பத்திரமாக இறங்கியது.

மறுநாள் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு கிளம்பியது. அதே கோளாறு மறுபடி வந்தது. மூன்றாவது ஆள் இல்லை. விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். முதல் நாள் இரவு என்ன நடந்தது, எதை அணைத்ததால் தப்பினோம் என்பது பராமரிப்புக் குறிப்பேட்டில் முழுமையாக எழுதப்படவில்லை என்று இந்தோனேசிய விசாரணை அறிக்கை 2019ஆம் ஆண்டில் சொன்னது. தப்பித்தவர்கள் தப்பித்த வழியை அடுத்தவருக்கு விளக்கமாகச் சொல்லிவைக்க வேண்டும். வேலைக்காட்டில் கதண்டுக் கூடு இருக்கும் மரத்தைக் கண்டவன், அடுத்த நாள் அந்த நிரைக்குப் போகிறவனிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போகலாமா?

களைப்பு யார் கணக்கில்?

ஓசி இடம் கிடைத்துவிட்டது, வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாயிற்று, அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, கோல்கன் என்ற சிறு கம்பெனியின் விமானம் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஐம்பது பேர் இறந்தார்கள். துணை விமானி ஓர் இளம்பெண். அவருடைய வீடு நாட்டின் மேற்குக் கரையில். பணித்தளம் கிழக்குக் கரையில். முந்தின இரவு முழுவதும் சரக்கு விமானத்தின் மடக்கு நாற்காலியில், வழியில் விமானம் மாறி, காலையில் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தார். கேப்டனும் முந்தின இரவைக் கம்பெனியின் ஓய்வறையில்தான் கழித்திருந்தார். விபத்துக்கு முதல் காரணம், ஆபத்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தது என்று விசாரணை கண்டது. களைப்பும் அவர்களைப் பாதித்திருக்கக் கூடும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் அது சொன்னது.

அதன் பிறகு சட்டம் மாறியது. 2014ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து, வேலை தொடங்கும் முன் பத்து மணி நேர ஓய்வு. அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் "நான் தகுதியான நிலையில் இருக்கிறேன்" என்று விமானி ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் பயணம் இன்றும் அவருடைய சொந்தப் பொறுப்புத்தான். ஓய்வு நேரத்தில்தான் அவர் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

தொழிற்சாலை பஸ்ஸில் நடக்கும் சண்டைகளைப் பற்றி நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முன் நிறுத்தத்தில் ஏறியவள் கைக்குட்டையைப் போட்டுத் தோழிக்கு இடம் பிடிப்பாள். நைட் ஷிப்டு முடித்துக் கண் சொருகி நிற்பவள் கம்பியில் தொங்குவாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை கடைசி வரை நின்றுகொண்டே வரும். இதைத் தீர்க்க விமானிகளிடமிருந்து சில பாடங்களைக் கடன் வாங்கலாம்.

முதலாவது, முறையை முன்பே பேசி வையுங்கள். ஒரு பஸ்ஸில் போகும் பத்துக் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினால் போதும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் உடம்புக்கு முடியாதவருக்கும் முதலிடம். அடுத்தது இரவு வேலை முடித்தவருக்கு. மற்றவர்களுக்கு வந்த வரிசைப்படி. இதைத் தாளில் எழுதி பஸ்ஸில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை போய்விடும்.

இரண்டாவது, உரிமை இருந்தாலும் கேட்டு உட்காருங்கள். "அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு விமானிகள் ஒரு வழக்கத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஓட்டுகிறவரின் சொல் கடைசிச் சொல். அத்தனை பேர் உயிருக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசாதீர்கள். அவர் கண் சொருகுவதைக் கண்டால் மட்டும் வாயைத் திறங்கள்.

நான்காவது, சுமை தூக்குகிறவருக்கு வழி விடுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியேறும்போது இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கூட்டமோ எள் விழ இடமில்லாமல் இருக்கும். ஆனாலும் காவடி வருகிறது என்றால், கார் வைத்திருப்பவரும் கூலிக்காரரும் ஒன்றாக ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த ஒரு நாள் வழக்கத்தை மற்ற நாள்களிலும் கடைப்பிடித்தால் போதும். இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள் தோளிலும் ஒரு காவடி இருக்கிறது; அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது பஸ்ஸில் தீருகிற விஷயமல்ல. வேலைக்குப் போகும் தூரத்தின் களைப்பைத் தொழிலாளியே சுமக்கிறான். போகும் நேரம், வரும் நேரம், இழந்த தூக்கம் ஆகியவற்றைச் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கிறவர்களே அதைப் பேசித்தான் ஓரளவு வாங்கினார்கள்.

உங்கள் தோட்டத்து லோரியிலும் தொழிற்சாலை பஸ்ஸிலும் இடம் கொடுப்பதற்கு என்ன முறை வைத்திருக்கிறீர்கள்? ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். நல்ல முறைகளை அடுத்து ஓர் இதழில் எல்லோரோடும் பகிர்ந்துகொள்வோம்.